பந்து எங்கே விழுந்தது?

அத்தியாயம் ஒன்பது

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அப்பா அந்த அறிவிப்பைச் செய்தார். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலைக்குப் போகிறோம். கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய விடுதியில் தங்குகிறோம். காலையில் ஆட்டம், மதியம் ஓய்வு. காரை அவரே ஓட்டுவார். யாரும் மறுப்புச் சொல்லக் கூடாது.

யாரும் சொல்லவில்லை. வாயைத் திறப்பதற்குள் அவர் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பொருளும் வைத்த இடத்தில் இல்லை. பரணில் கிடந்த பெட்டிகள் கூடத்துக்கு இறங்கி வந்தன. மேஜை முழுக்க மலைப்பாதை வரைபடம். சோபாவில் மழைக்கோட்டும் தடித்த காலுறைகளும் மட்டைகள் அடங்கிய நீளப் பையும் ராஜாக்கள்போல் வீற்றிருந்தன. மனிதர்கள் சுவரோரமாக நடமாடினார்கள்.

வியாழக்கிழமை காலை, முதல் வகுப்புக்குப் போகும் வழியில் பெரியவள் எட்டிப் பார்த்தாள். பக்கத்துத் தெருவில்தான் அவள் வீடு. ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். வாசலில் அவள் நிறுத்திய காரின் கூரைமேல் பள்ளியின் மஞ்சள் பலகை இருந்தது.

அப்பா போனில் விடுதிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"சாயங்கால ஆட்டமே வேண்டாம்னு சொல்றேன். நல்லா வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பிச்சு வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கணும். ரூமும் பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரிதான் வேணும். பின்பக்கம் குடுத்தீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

போனை வைத்தார். உடனே மறுபடி எடுத்தார். யாரைக் கூப்பிட நினைத்தார் என்பதே மறந்துவிட்டதுபோல் மறுபடி வைத்தார்.

லிஃப்டுகளைச் சோதித்து, 'இது பத்திரம்' என்று சான்று கொடுக்கும் இன்ஜினீயர் அவர். ஒரு நட்டை முடுக்கிவிட்டு, முடுக்கினோமா என்று திரும்பிப் போய்த் தொட்டுப் பார்க்கிற மனிதர். அவசரம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அப்படிப்பட்டவர் இந்த வாரம் முழுக்கக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் திரிந்துகொண்டிருந்தார்.

"அவரு ரூம் புக் பண்ணியாச்சு, என் லீவையும் அவரே புக் பண்ணியாச்சு" என்றாள் அம்மா, வேலைக்கான வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டே. "என்னை ஒரு வார்த்தை கேட்கல. ஒரு பந்தை அடிச்சு, தொலைச்சு, தேடி, மறுபடி அடிக்கறதுக்கு மலை ஏறணுமா? இங்கேயே தொலைக்கலாமே."

"மேல காத்து லேசு" என்றார் அப்பா. "இங்க அடிக்கற அதே அடி அங்க இன்னும் தூரம் போகும். நீ வந்து பாரு, அப்புறம் பேசு."

"அடுத்த வருஷம் போகலாம். சின்னவனும் படிப்பை முடிச்சிருப்பான்."

"அடுத்த வருஷம் இல்ல. இந்த வருஷம்."

அதை அவர் சொன்ன விதத்தில் அம்மாவின் கை கோட்டுப் பொத்தானில் நின்றது. பெரியவள் சூழ்நிலையைக் கலகலப்பாக்கப் பார்த்தாள்.

"தம்பி வர்றானாப்பா?"

"அவனுக்குத் திங்கட்கிழமை மெடிக்கல். அது முடிஞ்ச கையோட வந்துடுவான்." அப்பா வரைபடத்தின்மேல் குனிந்தார். "முடியட்டும். முதல்ல அது நல்லபடியா முடியட்டும்."

சின்னவன் நாலு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில், விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தான். அடுத்த கட்டத்துக்குப் போக மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். தேறுவான் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சளி பிடித்தால்கூட ஒரே நாளில் தேறிவிடுகிற பிள்ளை.

அம்மா பெரியவளின் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"இதைப் பாரு."

அப்பாவின் காரில் இடப்பக்கக் கதவு நெடுக ஒரு கீறல். அதற்குக் கீழே இன்னொன்று. இடப்பக்கக் கண்ணாடி டேப் ஒட்டி நின்றது.

"எப்பம்மா இது?"

"பழசு ஒண்ணு, புதுசு ரெண்டு. கேட்டா தூண் வந்து இடிச்சிருச்சுங்கறார். தூண் எப்படிடி வரும்?"

பெரியவள் சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"அந்த மலை ரோடு எவ்வளவு வளைவுன்னு உனக்குத் தெரியும். இவர் ஓட்டி நான் பக்கத்துல உட்கார மாட்டேன். அதை நேரா சொன்னா வீடு ரெண்டாயிடும். நீ உன் ஸ்கூல் கார்ல அவரை ஒரு சுத்து ஓட்டச் சொல்லிப் பாரு. பரவாயில்லன்னு நீ சொன்னா நான் வாயே திறக்கல, பெட்டியைத் தூக்கிட்டு வர்றேன்."

"அப்பாவை நான் டெஸ்ட் பண்றதா? எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்ததே அவருதான்."

"அதனாலதான் சொல்றேன். நீ சொன்னாத்தான் கேட்பார்."

*

மதியம் இரண்டு வகுப்புகளுக்கு இடையே கொஞ்சம் நேரம் கிடைத்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தின் பின்கதவைத் தட்டினாள் பெரியவள். அம்மாதான் வரச் சொல்லியிருந்தாள்.

முன்பக்க ஜன்னலில் வரிசை நின்றது. உள்ளே தட்டுத் தட்டாக மாத்திரை அட்டைகள். குளிர்பெட்டி ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு மருந்துப் பாட்டிலில் ஒட்டிய சீட்டைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா ஒட்டிட்டேன். வேற ஆளோட சீட்டு. நல்லவேளை, வெளியே போறதுக்கு முன்னாடி பார்த்தேன்."

அம்மா தப்பாக ஒட்டினாள் என்பதைப் பெரியவளால் நம்ப முடியவில்லை. வீட்டில் உப்பு டப்பாவுக்குக்கூடத் தேதி எழுதி ஒட்டுகிறவள் அவள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

அம்மா உதவியாளரை ஜன்னலுக்கு அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து உங்கப்பா அவர் சிநேகிதர், அந்தப் பல் டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டிருந்தார். நான் துணி எடுக்கப் போனேன், காதுல விழுந்துச்சு. 'இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியாது'ன்னார்."

"என்ன இருக்குமா?"

"அதைத்தான் நானும் கேட்கறேன்." அம்மாவின் கண்கள் சுவரிலிருந்த அலமாரிகளில் அலைந்தன. அத்தனை நோய்க்குமான மருந்துகள் அங்கே அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் எது தன் வீட்டுக்குரியது என்று தேடுவதுபோல் இருந்தது. "நெஞ்சா? வேற ஏதாவதா? இங்க எதுவும் காட்டல, நான் விசாரிச்சுட்டேன். என் ஆஸ்பத்திரியை விட்டுட்டு வேற எங்கயோ போய்க் காட்டறார்னா, சின்ன விஷயமா இருக்காது. இல்லன்னா திடுதிப்புனு இப்படி ஒரு டூர் எதுக்கு? கடைசியா ஒரு தடவை எல்லாரையும் கூட்டிட்டுப் போய்..."

"அம்மா! நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்காத."

"அப்போ நீ கேட்டுச் சொல்லு. ராத்திரி கண்ணு மூடினா பெட்டிங்கதான் வருது. உருட்டிக்கிட்டே போறார், நான் பின்னாலயே ஓடறேன்."

ஜன்னலிலிருந்து உதவியாளர் கூப்பிட்டார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு நொடியில் மருந்தகத்தின் அம்மாவாக மாறிப் போய் நின்றாள். யாரோ ஒரு கிழவரிடம், "சாப்பிட்ட பிறகு, ஞாபகமா" என்று அவள் சொல்வது கேட்டது.

*

பிற்பகல் வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கோல்ஃப் பயிற்சித் திடலுக்குப் போனாள் பெரியவள். கம்பி வேலிக்கு இப்பால் வரிசையாகப் பச்சைப் பாய்கள். எதிரே நீண்ட புல்வெளி. அங்கங்கே கொடிகள், ஓரத்தில் மரங்கள்.

அப்பா ஒரு பாயில் நின்றிருந்தார். பின்னால் நாற்காலியில் பல் டாக்டர். வயிறு மேஜையைத் தொட, கையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் கல்லூரிக் காலத்து நட்பு. டாக்டர் அப்பாவை 'லிஃப்ட்' என்றுதான் கூப்பிடுவார்.

"வாம்மா, வா! உங்கப்பன் மலைக்குப் போறதுக்குள்ள இந்தத் திடலையே தோண்டிடுவான்போல."

அப்பா கால்களை அகட்டி வைத்தார். மட்டை பின்னால் உயர்ந்து, அழகாக இறங்கியது. அந்த வீச்சில் கொஞ்சமும் பதற்றம் இல்லை. பந்து கிளம்பிய சத்தமே அது நல்ல அடி என்று சொன்னது.

அப்பா பந்து போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இடது பக்கம், லிஃப்ட். ரெண்டாவது கொடி தாண்டி, மரத்துக்கு முன்னாடி விழுந்துச்சு" என்றார் டாக்டர்.

"அவ்வளவு இழுத்துருச்சா?" என்று அப்பா அடுத்த பந்தை வைத்தார்.

மறுபடி அடி. மறுபடி டாக்டர், தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "நேரா. ஆனா கொஞ்சம் கம்மி" என்றார்.

ஐந்தாறு பந்துகளுக்குப் பிறகுதான் பெரியவளுக்கு உறுத்தியது. டாக்டர் வளவளவென்று பேசுகிறவர். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் அவர் பேச்சை நிறுத்தி, விழுந்த இடத்தைச் சொன்ன பிறகே மறுபடி கதையைத் தொடர்ந்தார். வேலை மாதிரி செய்தார்.

"ஏன் அங்கிள், நீங்க கமெண்ட்ரி சொன்னாத்தான் அப்பாவுக்கு ஆட்டம் வருமா?"

டாக்டரின் கோப்பை பாதி வழியில் நின்றது. அப்பா சிரித்தார். "அவன் ஆடறதே இல்ல. வாய்க்காவது பயிற்சி வேண்டாமா?"

டாக்டரும் சிரித்தார். ஒரு நொடி தாமதமாக.

"அப்பா, போதும், வாங்க. இன்னிக்கு என் கார்லயே நீங்க ஓட்டிட்டு வாங்க வீட்டுக்கு. மலைக்கு ஓட்டப்போற ஆளாச்சே, பார்க்கறேன்."

"இது உங்கம்மா யோசனைதானே?"

"யார் யோசனையா இருந்தா என்ன? பயமா?"

அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. கையை நீட்டிச் சாவி கேட்டார். பின்னாலிருந்து டாக்டர் எழுந்து, "லிஃப்ட், நான் வேணா கொண்டு விடறேனே..." என்றார். அப்பா காதில் வாங்கவில்லை.

*

முதல் சாலையில் நன்றாகவே ஓட்டினார். கியர் மாற்றுவதில் சத்தமே இல்லை. முன்னால் போன வண்டிக்கும் தனக்கும் இடையில் சரியான இடைவெளி. தன் மாணவர்கள் எல்லாரும் இப்படி ஓட்டினால் தனக்கு நரைக்காது என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. வழக்கமாக அதன்மேல் பட்டும் படாமலும் வைத்திருக்கும் பாதத்தை இன்று பின்னுக்கு இழுத்து வைத்தாள். அப்பாவுக்குச் செய்கிற மரியாதை.

"என்ன மார்க்?" என்றார் அப்பா.

"இன்னும் முடியலயே."

"மலை வளைவுல ஹார்ன் அடிச்சுத் திரும்பணும். கீழ் கியர்ல ஏறணும். மேல வர்றவனுக்கு வழி விடணும். நான் உனக்குச் சொல்லிக்குடுத்ததுதான்."

"ஞாபகம் இருக்கு. நான் அழுததும் ஞாபகம் இருக்கு."

"நீ எங்க அழுத? கத்தின."

இருவரும் சிரித்தார்கள். நகராட்சி நூலகம் தாண்டி, இடதுபுறச் சந்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். தபால்காரி. பின்னால் பை தொங்கியது. பெரியவள் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். அப்பாவும் பார்த்திருப்பார் என்று நினைத்தாள். வண்டியின் வேகம் குறையவில்லை. சரி, இப்போது குறைப்பார். இப்போது.

தபால்காரி சாலையில் இறங்கிவிட்டாள்.

பெரியவளின் கால் தானாகப் பாய்ந்தது. கார் முன்னுக்குக் குனிந்து, கிறீச்சிட்டு நின்றது. சைக்கிளின் முன்சக்கரத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு கைக்குட்டை அகலம்கூட இல்லை. தபால்காரி ஒரு காலை ஊன்றி, காரின் மூக்கில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

"கண்ணு எங்கய்யா வச்சிருக்க? பலகை மாட்டிக்கிட்டு வந்தா ஆளை ஏத்தலாமா?"

பெரியவள் இறங்கி ஓடி, மன்னிப்புக் கேட்டாள். அடி பட்டதா என்று கேட்டாள். அந்தப் பெண் இன்னும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, தன் பையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எங்கிருந்து வந்தா அவ?" என்றார்.

கோபமாக இருந்தால் பெரியவள் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். அவர் நிஜமாகவே கேட்டார். ஒரு குழந்தை கேட்பதுபோல் கேட்டார்.

"அவ ரொம்ப நேரமா வந்துட்டுத்தான் இருந்தாப்பா."

பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. பெரியவள் அவரை இடம் மாறச் சொல்லி, காரைத் தானே எடுத்து, நூலகத்தின் பக்கச் சுவரோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள்.

"கார்ல இருக்கற கீறல் எல்லாம் இடது பக்கம். பந்து எங்க விழுதுன்னு டாக்டர் அங்கிள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியுது. சாயங்காலம் ஆட மாட்டேங்கறீங்க. அப்பா, உங்க கண்ணுக்கு என்ன?"

நூலகத்திலிருந்து பிள்ளைகள் இறைந்து பேசிக்கொண்டு வெளியே வந்தார்கள். அப்பா அவர்கள் போகும்வரை காத்திருந்தார். அவர்களுக்குக் கேட்டுவிடும் என்று பயந்ததுபோல.

"பிரஷர்" என்றார். "கண்ணுக்குள்ள. வலிக்கவே வலிக்காது. அதான் சனியன். ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே வரும். நேரா பார்த்தா எல்லாம் தெரியுது. உன் மூக்குல இருக்கற மச்சம் தெரியுது. ஆனா பக்கத்துல யாராவது நின்னா, அவங்க பேசறவரைக்கும் இல்ல."

"எப்பலேர்ந்து?"

"இருக்கு கொஞ்ச நாளா. சொட்டு மருந்து விடறேன். போனது போனதுதானாம், இருக்கறதைக் காப்பாத்தலாமாம். வேலையில லிஃப்ட் கிணத்துக்குள்ள இறங்கறதை எப்பவோ விட்டுட்டேன். சின்னப் பசங்களை இறக்கிட்டு மேல நிக்கறேன். ஏன்னு யாரும் கேட்கல. பெரிய ஆபீசர் ஆயிட்டேன்னு நினைச்சுக்கிட்டாங்க."

"அம்மாகிட்ட சொல்லாம? மருந்துக்கடைக்காரிகிட்டயே சொல்லாம?"

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அவ முதல்ல யாருக்குப் போன் பண்ணுவா?"

பெரியவள் யோசித்தாள்.

"தம்பிக்கு."

"இது ரத்தத்துல வர்றதுன்னு கண் டாக்டர் சொன்னார். அப்பனுக்கு இருந்தா பிள்ளைக்கும் வர வாய்ப்பு உண்டாம். அவனோட மெடிக்கல்ல கேட்பாங்க, குடும்பத்துல யாருக்காவது கண்ணுல கோளாறு உண்டான்னு. அவன் ஆமான்னு சொன்னா நோண்டுவாங்க. சின்ன வயசுலேர்ந்து வானத்தையே பார்த்துக்கிட்டு நடந்து சாக்கடையில விழுந்த பய அவன். என் கண்ணால அவன் தரையில நிக்கணுமா?"

"அவனுக்கும் இருந்தா?"

"இருக்காது."

"இருந்தா, அப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"திங்கட்கிழமை வரைக்கும் பொறு. அது முடியட்டும். அதுக்குத்தான் இந்த மலை, விடுதி எல்லாம். உங்க மூணு பேரையும் அங்க உட்கார வச்சு சொல்லிடலாம்னு இருந்தேன். அங்கயிருந்து யாரும் கோவிச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திட்டுக் கிளம்ப முடியாது பாரு." சிரிக்க முயன்றார். "அப்புறம், அந்தப் பள்ளத்தாக்கு. அதை முழுசா பார்க்கற கண்ணு அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியல. அதுவும் ஒரு ஆசைதான், இல்லன்னு சொல்லல."

பெரியவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இது தவறு என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய எந்த மாணவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் லைசென்ஸ் கனவையே விடு என்று துரத்தியிருப்பாள். ஆனால் தம்பி. போன மாதம் முதல்முறையாகத் தனியாக விமானத்தை எடுத்துப் போய் இறக்கிவிட்டு, போனில் பேச முடியாமல் சிரித்துக்கொண்டே இருந்தானே, அவன்.

"திங்கட்கிழமை வரைக்கும்தான்" என்றாள். "அதுக்கப்புறம் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. இனிமே நீங்க எந்த வண்டியையும் தொடக் கூடாது."

அப்பா தலையாட்டினார். தன் பெண்ணிடம் பாடம் கேட்ட முகமாக இல்லை. தண்டனை குறைந்த முகமாக இருந்தது.

*

வீட்டில் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தாள்.

"என்ன ஆச்சு? பாஸா, ஃபெயிலா?"

"மலைக்கு நான் ஓட்டறேம்மா."

"அப்போ ஃபெயில்."

"வயசாகுதுல்ல. கவனம் கொஞ்சம் சிதறுது. அவ்வளவுதான்."

பெரியவளுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போது மூக்கைச் சொறிவாள். அம்மா அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சோபாவிலிருந்த மழைக்கோட்டுகளை எடுத்து ஒரு பெட்டியில் வைத்தார். பிறகு அதிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் வைத்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னமோ பண்றீங்க" என்றாள் அம்மா. "நான் என்ன மரமா, கல்லா? சொல்லித் தொலைங்களேன். என்ன வியாதி? எவ்வளவு முத்தியிருக்கு?"

"வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல..." என்று அப்பா ஆரம்பித்தார்.

அம்மாவின் கைப்பைக்குள் போன் அடித்தது. சின்னவன். அம்மா அதை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். இந்த வீட்டுக்கு அவன் பேசினால் எல்லாரிடமும் சேர்ந்துதான் பேசுவான்.

"அம்மா, அப்பா இருக்காரா?"

"எல்லாரும் இருக்கோம்டா. அக்காவும் இருக்கா. சாப்பிட்டியா?"

"இல்ல. சாப்பிடத் தோணல." அவன் குரல் எப்போதும்போல் தாவவில்லை. "திங்கட்கிழமை மெடிக்கல் இருந்துச்சுல்ல, இன்னிக்கே கூப்பிட்டுட்டாங்க. யாரோ ஒருத்தன் வரல, அந்த இடத்துல என்னைப் போட்டுட்டாங்க. காது, நெஞ்சு எல்லாம் ஓகே. கண்ணுல மட்டும் ஏதோ... ஒரு கண்ணுல பிரஷர் கொஞ்சம் தூக்கலா இருக்காம். நாளைக்குக் காலையில பெரிய மெஷின்ல வச்சுப் பார்க்கறேன்னு டாக்டர் வரச் சொல்லிருக்கார்."

அம்மா போனின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"பயப்படாதம்மா, அவரும் பயப்படாதன்னுதான் சொன்னார். வீட்ல யாருக்காவது இந்த மாதிரி உண்டான்னு ரெண்டு தடவை கேட்டார். எங்க வீட்ல எல்லாருக்கும் கண்ணு கழுகு மாதிரின்னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன், அப்பா?"

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல் போதும். நாளைக் காலை அந்த மருத்துவர் லேசாகப் பார்த்து விட்டுவிடக்கூடும். பையன் பறக்கக்கூடும். எத்தனை நாளைக்கு என்பதுதான் தெரியாது.

அப்பா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, போனுக்கு நேராகக் குனிந்தார்.

"தப்பு" என்றார். "தப்பா சொல்லிட்டடா. இருக்கு. எனக்கு இருக்கு. நாளைக்கு முதல் வேலையா அதை அவர்கிட்ட சொல்லு. ஒழுங்கா, நிதானமா பார்க்கச் சொல்லு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நெஞ்சு இல்லை, வேறெதுவும் இல்லை. அந்த ஆறுதல் அவள் முகத்தில் வந்த வேகத்திலேயே போயிற்று. என்ன நோய் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தினமும் அதே சொட்டு மருந்தை ஜன்னல் வழியாக யார் யாருக்கோ எடுத்துக் கொடுக்கிறவள்.

போனிலிருந்து சின்னவன் கேட்டான்.

"எப்பலேர்ந்துப்பா?"

"நீ அங்க சேர்றதுக்கு முன்னாலேர்ந்து."

"சேரும்போதும் இதே கேள்வியைக் கேட்டாங்க. அப்பவும் இல்லன்னுதான் சொன்னேன். அப்போ நான் சொன்னது பொய்."

"உனக்குத் தெரியாதேடா. நீ எங்க பொய் சொன்ன?"

"உங்களுக்குத் தெரியும்ல? அன்னிக்கே நான் டெஸ்ட் பண்ணியிருக்கலாம்ல?"

அப்பா மேஜை விளிம்பை விட்டு நிமிர்ந்தார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான்டா தெரியும்" என்றாள் பெரியவள். "திங்கட்கிழமை வரைக்கும் சொல்ல வேண்டாம்னு நானும் ஒத்துக்கிட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

"நீ பார்த்துக்கிட்டியா அக்கா? உன் கண்ணை?"

பெரியவள் பிற்பகலிலிருந்து அப்பாவின் கண்ணைப் பற்றி யோசித்திருந்தாள். தம்பியின் கண்ணைப் பற்றி யோசித்திருந்தாள். நாள் முழுக்கச் சாலையைப் பார்த்துச் சம்பாதிக்கிற தன் கண்கள் அவள் கணக்கிலேயே வரவில்லை.

"இல்லடா."

"பார்த்துக்கோ."

அம்மா போனை மேஜையிலிருந்து எடுத்தாள். ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"டேய், நாங்க காலையில அங்க வர்றோம். இருட்டோட கிளம்பினா நீ போறதுக்குள்ள வந்துடுவோம். அக்கா ஓட்டுவா. அவளையும் அதே டாக்டர்கிட்ட காட்டிடலாம். நீ தனியா போகாத."

"நீ வா. அக்கா வரட்டும்." அவன் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. "அப்பா வேண்டாம்."

"ஏய், என்னடா பேசற..."

"நான் உங்ககிட்ட எதையும் மறைச்சதில்லம்மா. இப்ப அவரைப் பார்த்தா ஏதாவது பேசிடுவேன். வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் வாங்க." இணைப்புத் துண்டித்தது.

அம்மா போனை வெறித்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அது வழுக்கித் தரையில் விழுந்ததையும் எடுக்கவில்லை.

"அவன் சொன்னது நியாயம்தான்" என்றார் அப்பா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பெரியவள் குனிந்து கோட்டை எடுத்து மடித்தாள். தம்பியின் பக்கம் பேசுவதா, அப்பாவின் பக்கம் பேசுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதையாவது மடித்துக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

அப்பா உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. துவைத்து மடித்த ஒரு சட்டையோடு திரும்பி வந்தார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் இருவருக்கும் எதிரே நின்றார்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்று கேட்டார்.